இருப்பதிலேயே உயரமானது எது?

கிரனாடா

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரில் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முழங்கால் வலி குறைந்து, சாயங்காலம் மறுபடி நடக்கப் போகிறார். சின்னவன் வேலை மாறி மலகாவுக்குப் போய்விட்டான். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

மெக்சிகோவில் வளரும் பேத்தியோடு அவள் பேசும் ஸ்பானிஷிலேயே பேச வேண்டும் என்று, ரிட்டயர் ஆன பிறகு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாயே! எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது. அதனால் உன் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'மாஸ் ஆல்தோ' என்பதற்கு ஒரு பாடத்தில் 'இன்னும் உயரமான' என்றும், அடுத்த பாடத்தில் 'எல்லாவற்றிலும் உயரமான' என்றும் போட்டிருக்கிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் சரிதான். நாம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தில் மூன்று படிகளாக மனப்பாடம் செய்த பழக்கம்தான் உன்னைக் குழப்புகிறது. அதை மறந்துவிட்டு நம் பேச்சை நினைத்துப் பார். இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் 'பெரியவன்', ஐந்து பிள்ளைகள் இருந்தாலும் 'பெரியவன்'. யாராவது குழம்புகிறோமா? ஸ்பானிஷும் அப்படித்தான். 'மாஸ்' அதேதான். முன்னால் எல், லா, லோஸ், லாஸ் என்று ஏதாவது ஒன்று வந்து, 'இன்னதுதான்' என்று சுட்டிவிட்டால் அது உச்சத்தைக் குறிக்கும். குறைவைச் சொல்ல 'மாஸ்' இருந்த இடத்தில் 'மேனோஸ்' போட்டால் போதும். எல், லாவுக்குப் பதிலாக 'என்', 'உன்' என்று பொருள் தரும் சொல் வந்தாலும் அதே வேலை நடக்கும். நீ எனக்கு 'மி மெஹோர் அமீகா', இருக்கிற தோழிகளிலேயே நல்ல தோழி.

உன் வாக்கியத்தில் ஒரே ஒரு திருத்தம். 'ஸ்பெயினில்' என்பதற்கு 'என் எஸ்பான்யா' என்று எழுதியிருக்கிறாய். அங்கே 'தே' வர வேண்டும்: 'லா மொந்தான்யா மாஸ் ஆல்தா தே எஸ்பான்யா', ஸ்பெயினின் மிக உயரமான மலை. இந்தச் சின்ன 'தே'யை லேசாக நினைக்காதே. எந்தக் கூட்டத்துக்குள் ஒப்பிடுகிறோம் என்று எல்லை கட்டுவது அதுதான். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற சியரா நெவாடா மலைத்தொடரில் முலாஸேன் என்று ஒரு சிகரம், 3,479 மீட்டர். 'ஸ்பெயினின்' மிக உயரமான மலை அதுதானே என்று இங்கே வருகிறவர்கள் கேட்பார்கள். இல்லை. அந்தப் பெருமை கானரித் தீவுகளில், தெனெரிஃபேயில் இருக்கிற தெய்தே எரிமலைக்கு, 3,715 மீட்டர். 'தே'க்குப் பின்னால், தீவுகளை விட்டுவிட்டு, ஐபீரியத் தீபகற்பம் என்று போட்டால்தான் முலாஸேன் ஜெயிக்கும். எல்லையை மாற்றினால் உச்சமும் மாறிவிடுகிறது.

நல்லது, கெட்டது இரண்டுக்கும் 'மெஹோர்', 'பெயோர்' என்று லத்தீனிலிருந்து வந்த தனி வடிவங்கள் உண்டு. அவற்றோடு 'மாஸ்' சேர்க்காதே. வயதில் மூத்தவருக்கு 'மயோர்', இளையவருக்கு 'மெனோர்'. உன் அண்ணன் 'எர்மானோ மயோர்'. மெக்சிகோவில் இதற்கே 'மாஸ் கிராந்தே' என்றும் சொல்வார்கள். பேத்தி அப்படிச் சொன்னால் ஆள் உயரத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. யாரோடும் ஒப்பிடாமல், ஒன்றின் மிகுதியை மட்டும் சொல்ல வேண்டும் என்றால் முன்னால் 'மிகவும்' என்கிற 'முய்' போடலாம், இல்லாவிட்டால் சொல்லின் கடைசியில் 'ஈஸிமோ' சேர்க்கலாம். ஆல்தோ, ஆல்தீஸிமோ. பெண்பாலுக்கு ஆல்தீஸிமா. இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'முய் ஆல்தீஸிமோ' என்பது கூடாது. இந்த 'ஈஸிமோ' இல்லாமல் இங்கே ஒரு நாள்கூடப் போகாது. சாப்பாடு நன்றாக இருந்தால் ரிக்கீஸிமோ, குழந்தையைப் பார்த்தால் குவாப்பீஸிமா, நன்றி சொன்னால் முச்சீஸிமாஸ் கிராஸியாஸ்.

ஆனால் இது வந்து சேர்ந்த கதை தெரியுமா? 1492இல் அந்தோனியோ தே நெப்ரிஹா என்ற அறிஞர் காஸ்தீலிய மொழிக்கு, அதாவது ஸ்பானிஷுக்கு, முதல் இலக்கண நூலை சாலமாங்காவில் அச்சிட்டார். அதே ஆண்டு ஜனவரியில்தான் எங்கள் கிரனாடா கத்தோலிக்க அரசர்கள் கைக்குப் போயிருந்தது. லத்தீனில் கரைகண்ட அந்த மனிதர், தம் சொந்த மொழிக்கு உச்ச வடிவம் கொண்ட சொற்கள் இரண்டே இரண்டுதான் என்று எழுதினார்: 'முதலாவது', 'கடைசியானது'. மற்றதையெல்லாம் 'முய்' வைத்துச் சுற்றிவளைத்துத்தான் சொல்கிறோம் என்றார். 'ஈஸிமோ' அப்போது லத்தீன் படித்தவர்கள் எழுத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததோடு சரி. அப்புறம் லத்தீன் படிப்பும் இத்தாலியப் பாதிப்பும் சேர்ந்து அதைப் பரப்பின. 1615இல் வந்த, செர்வாந்தேஸின் 'தொன் கிஹோத்தே' நாவலின் இரண்டாம் பாகத்தில், உதவி கேட்டு வரும் ஒரு சீமாட்டி வாயைத் திறந்தாலே 'ஈஸிமோ'தான். பதில் சொல்ல எழுந்த சாஞ்சோ, கதாநாயகனின் பணியாள், எஜமானரின் பெயரிலேயே ஒட்டி 'கிஹோதீஸிமோ' என்கிறான், வினைச்சொல்லைக்கூட விடவில்லை. இலக்கணத்தில் இடமே இல்லாமல் இருந்த ஒரு விகுதி, நூற்றுச் சொச்சம் வருஷத்தில் கேலி செய்யும் அளவுக்கு ஊரெல்லாம் புழங்கிவிட்டது! மொழி இலக்கணக்காரர்களுக்காகக் காத்திருப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. சாஞ்சோ சிரிக்கச் சிரிக்கச் செய்ததே பிற்காலத்தில் நிஜமாகவும் நடந்தது. 1936இல் சர்வாதிகாரி பிராங்கோவுக்கு வந்த 'ஹெனெரலீஸிமோ' (தளபதிகளுக்கெல்லாம் தளபதி) பட்டத்தில் ஒட்டியிருப்பது பெயர்ச்சொல்லில்தான். இங்கே வயதானவர்கள் சிலர் அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறிவிடுவார்கள்.

லத்தீன் வாசனை இன்றும் போகவில்லை. அமாப்லே (அன்பான) அமாபிலீஸிமோ ஆகும், அந்தீகுவோ (பழைய) அந்திகீஸிமோ ஆகும். ஏழை என்கிற போப்ரேக்கு 'பௌபேர்ரிமோ' என்று முற்றிலும் வேறு முகம். நல்ல என்கிற புவேனோவுக்கு புத்தகங்களில் 'போனீஸிமோ' இருக்கும், நீ புவெனீஸிமோ என்றே சொல், எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். இந்த விதிவிலக்குகளைப் பட்டியல் போட்டு உருப்போடாதே. கேட்கக் கேட்கத் தானாக வரும். எழுத்தில் ஒன்றை மட்டும் கவனி: 'ஈஸிமோ' சொற்களில் அழுத்தக் குறி எப்போதும் 'ஈ' மேல்தான். மூலச் சொல்லில் குறி இருந்தால் அது போய்விடும்.

மெக்சிகோவில் இன்னொன்றும் கேட்பாய். 'முய்' வரவேண்டிய இடத்தில் 'பியென்' போட்டு 'பியென் ரீக்கோ' (ரொம்ப ருசி) என்பார்கள். அர்ஜென்டினாக்காரர்களுக்கு அதே இடத்தில் வெறும் 'ரே' போதும். பாடப்புத்தகம் இதையெல்லாம் சேர்க்காமல் விட்டிருக்கும், எனக்கு அதில் வருத்தம்தான். பேத்தியின் வாயிலிருந்து உனக்கு முதலில் வரப்போவது இவைதான்.

பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்களா? அம்மாவைக் கேட்டதாகச் சொல். இந்த வாரம் போனில் பேசும்போது பேத்தியிடம் 'எரெஸ் லா மாஸ் லிந்தா தெல் முந்தோ' என்று சொல், உலகத்திலேயே அழகானவள் நீதான் என்று அர்த்தம். 'தே'யும் 'எல்'லும் சேர்ந்து 'தெல்' ஆகியிருப்பதைக் கவனித்தாயா? அவள் என்ன பதில் சொன்னாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
கமலா