வெனிஸில் கிணறு பார்த்த கதை

அன்புள்ள முருகேசா,

நான் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாள்தான் உன் கடிதம் வந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, இனிமேல் லாரித் தண்ணீர்தான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு வந்ததாலோ என்னவோ, வெனிஸில் எல்லாரும் படகை வேடிக்கை பார்க்க, நான் கிணறு பார்த்துக்கொண்டு திரிந்தேன். மருமகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மிலானில் பையன் வீட்டிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். கடைசிச் சில நிமிடங்கள் ரயில் தண்ணீருக்கு மேலேயே போகிறது. அந்தப் பாலம் 1846இல் வந்ததாம். அதுவரை படகு ஒன்றுதான் வழி. ஸ்டேஷன் வாசலில் இறங்கினால் எதிரே ரோடு இல்லை, கால்வாய். கார், ஸ்கூட்டர், சைக்கிள் எதுவும் கிடையாது. 400க்கும் மேல் பாலங்கள், அநேகமாக எல்லாம் படி வைத்தவை. மூன்றாவது பாலத்திலேயே என் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று கால்வாயில் விழுந்தது. மிச்ச தூரம் தூக்கிக்கொண்டு நடந்தேன். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாயே, அதற்கும் இதுதான் பதில்.

கட்டடங்களெல்லாம் சேற்றில் அடித்து இறக்கிய மரக் கட்டைகளின் மேல் நிற்கின்றன. காற்றுப் படாத சேற்றில் மரம் லேசில் மக்காதாம். சலூத்தே என்று பெரிய கும்மட்டக் கோவில் ஒன்று. 1630இல் வந்த கொள்ளைநோய்க்கு வேண்டுதலாகக் கட்டியது. அதற்கு மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் கட்டை அடித்தார்கள் என்கிறார்கள்.

சரி, கிணற்றுக்கு வருகிறேன். சுற்றிலும் உப்புத் தண்ணீர், ஊற்று கிடையாது. அப்புறம் இத்தனை நூற்றாண்டு எதைக் குடித்தார்கள்? மழையைத்தான்! ஒவ்வொரு சதுக்கத்தின் நடுவிலும் கல்லில் செதுக்கிய கைப்பிடிச் சுவரோடு ஒரு கிணறு. உண்மையில் அது கிணறே இல்லை. தரையைச் சில மீட்டர் தோண்டி, உப்பு நீர் கசியாதபடி பள்ளம் முழுக்கக் களிமண் பூசி, உள்ளே மணலை நிரப்பி, நடுவில் செங்கல்லால் உறை எழுப்பியிருக்கிறார்கள். கூரையிலும் தளத்திலும் விழுகிற மழை, பக்கத்தில் உள்ள கல் துவாரங்கள் வழியாக இறங்கி, மணலில் வடிந்து, உறைக்கு அடியில் போய்ச் சேரும். நாம் நடக்கிற சதுக்கம் முழுவதும் ஒரு பெரிய வடிகட்டி!

கடல் பொங்கினால்தான் ஆபத்து. அந்தத் துவாரங்களில் உப்பு நீர் புகுந்தால் கிணறு கெட்டது, உன் கதைதான். அதனால் சில இடங்களில் கிணற்றைச் சுற்றியுள்ள தரையை இரண்டு மூன்று படி உயர்த்தியிருக்கிறார்கள். மழை பொய்த்தால் பிரெந்தா ஆற்றிலிருந்து படகில் தண்ணீர் வரும், அந்த நாள் லாரித் தண்ணீர். 1884இல் குழாய் வந்த பிறகு கிணறுகளுக்கு இரும்பு மூடி போட்டுவிட்டார்கள். டோஜ் என்ற அந்தக் கால ஆட்சித் தலைவரின் மாளிகை முற்றத்தில் வெண்கலத்தாலேயே வார்த்த சுவரோடு இரண்டு இருக்கின்றன. எனக்கு அவை ஒட்டவில்லை. நகைக்கடைப் பாத்திரம் மாதிரி இருந்தன.

ஊர் முழுகிவிடுமா என்று கேட்டிருந்தாய். 2019 நவம்பரில் தண்ணீர் 187 செ.மீ. வரை ஏறியது. அடுத்த ஆண்டிலிருந்து, கடல் பொங்கும்போது, கடல் நீர் காயலுக்குள் வரும் நுழைவாயில் மூன்றையும் 78 இரும்புக் கதவுகள் எழும்பி மறிக்கின்றன. தண்ணீரைவிட எங்களைப் போன்ற கூட்டம்தான் அங்கே தொல்லை. பழைய நகரத்தில் குடியிருப்பவர்கள் ஐம்பதாயிரம்கூட இல்லையாம்.

கடைசி நாள் சாயங்காலம், பெயர்கூடக் கவனிக்காத ஒரு சின்னச் சதுக்கம். மூடிய கிணற்றின் மேல் ஒரு பூனை. சுவரின் விளிம்பில் வரிசையாகப் பள்ளங்கள். கயிறு உரசி உரசி விழுந்தவை. என் சுண்டுவிரல் சரியாக உள்ளே போனது. பூனை நகரவே இல்லை.

உங்கள் பழைய வீட்டுக் கிணற்றிலும் இதே மாதிரி தடம் இருந்ததே, கிழக்குப் பக்கக் கல்லில்? அம்மா அதில்தான் கயிற்றை வைத்து இழுப்பார்கள். வீட்டை இடித்தபோது அந்தக் கல்லை என்ன செய்தாய்?

அன்புடன்,
ராமு