ஹெரால்டின் பின் கதவைச் சாத்த வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, எங்கள் 1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வீட்டுச் சந்திலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் வரைக்கும் போய்த் திரும்பினோம், அவ்வளவுதான். போக வர இருபது கிலோமீட்டர் இருக்கும். கொட்டகையில் நின்றுபோன வண்டியை இப்படி ஓட வைக்க நாலரை வருஷம் ஆகியிருக்கிறது, எண்ணிப் பார்த்தால் பதினைந்து பேருக்கு மேல் கை கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டேன், சரி, ஆனால் உங்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாது. லேத் அண்ணனுக்குக் கரூர் அண்ணனைத் தெரியாது, தாம்பரம் ஐயா பாயைப் பார்த்ததே இல்லை. எல்லோரும் ஒரே வண்டியில்தான் வேலை செய்தீர்கள், அதனால் யார் என்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் இந்த மடல். பெயர் வேண்டாம் என்று சிலர் சொன்னதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்பா இந்த வண்டியை 1979-இல் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினார். பாத்திரக் கடைக்காரர் வீட்டில் கார் என்பது அப்போது பெரிய விஷயம். நானும் அண்ணனும் பின் சீட்டில் அண்டாக்களோடு அண்டாவாக உட்கார்ந்து மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று போயிருக்கிறோம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் இதில்தான். 1996-இல் கிளட்ச் போனது. கம்பெனி 1988-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டதால் சாமான் கிடைக்கவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று கொல்லைக் கொட்டகையில் தள்ளி நிறுத்தியது அப்படியே நின்றுவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா கொட்டகைக்குள் போய், நாலு டயரும் மண்ணில் அமுங்கிக் கிடந்த அந்த வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வருவார். 2019 வரைக்கும் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. அவர் போன பிறகு வந்த ஆயுத பூஜைக்கு நான் போய்ப் பொட்டு வைத்தேன், பானெட்டில் அதற்கு முந்தைய வருஷங்களின் குங்குமக் கறை அப்படியே இருந்தது. அன்றைக்குத்தான் இதை ஓட வைக்கவேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு. நாலு சக்கரமும் இறுகிப்போன வண்டியை மரக்கட்டை வைத்து நெம்பி, கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவர ஒரு முழுப் பகல் ஆனது. பத்து பேர் இருந்தீர்கள். அம்மா போட்டுக் கொடுத்த மோரைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

தாம்பரம் ஐயா, உங்களைப் பற்றி எழுத எனக்கு ஒரு தனி மடல் வேண்டும். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனித் தொழிற்சாலையில் இந்த வண்டிகளைக் கையால் பூட்டியவர் நீங்கள். நான் போனில் வண்டி நம்பரைச் சொல்ல ஆரம்பித்ததுமே "நாலு கதவா, ரெண்டு கதவாம்மா?" என்றுதான் கேட்டீர்கள். நாலு என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எதற்கு அந்த மௌனம் என்று எனக்கு அப்போது புரியவில்லை, பிறகு நீங்களே விளக்கினீர்கள். ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வந்த வண்டி, இத்தாலிக்காரர் மிக்கெலோத்தி வரைந்த உருவம். மெட்ராஸில் 1961-இலிருந்து செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டு எல்லாம் ரெண்டு கதவுதான். குடும்பத்தோடு போகிற நம் ஆட்களுக்காக 60-களின் கடைசியில் நாலு கதவு மார்க் 3 வண்டியை இங்கே மட்டும் செய்தார்கள். அதனால் இன்ஜின் சாமான், முன் சக்கரச் சாமான் எல்லாம் இன்றைக்கும் இங்கிலாந்தில் புதுசாகவே கிடைக்கிறது, ஆனால் பின் கதவின் ஒரு பிடியோ ஒரு ரப்பரோ உலகத்தில் எங்கேயும் கிடைக்காது, "அதை நீங்கதான் செஞ்சுக்கணும்" என்றீர்கள்.

நாங்கள் எப்படிச் செய்துகொண்டோம் என்பதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன் ஐயா.

அதற்கு முன்னால் பாய். உங்கள் பட்டறைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்மா தொழுகை முடித்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு எங்கள் கொல்லைக்கு வந்துவிடுவீர்கள், இருட்டும்வரை வேலை. ரெண்டு வருஷ வெள்ளிக்கிழமை அப்படிப் போயிருக்கிறது. ஆரம்பத்தில் நான் இன்ஜினை வேறு ஓர் இடத்தில் கொடுத்திருந்தேன். எட்டு மாதம் வைத்திருந்து ஒரு வேலையும் செய்யாமல், ரெண்டு சாமானைத் தொலைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அழுதுவிட்டேன். மூட்டையாக வந்த அந்த இன்ஜினை நீங்கள்தான் பழைய சாக்கில் பரப்பி, ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவி, இது இருக்கு, இது இல்லை என்று எழுதச் சொன்னீர்கள். 948 சிசி, சின்ன இன்ஜின்தான். சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணி, பிஸ்டன் மாற்றி, வால்வு வந்து உட்காரும் வளையமான வால்வு சீட்டை எல்லாம் கடினமான இரும்பில் புதுசாக வைத்தீர்கள். இந்த இன்ஜின் செய்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அதுதான் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது, 2000-இல் அந்தப் பெட்ரோல் போய்விட்டதால் பழைய சீட்டு தாங்காது என்று சொல்லிக்கொண்டே செய்தீர்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, அது பழைய ரப்பரைக் கெடுக்கும் என்று ஹோஸ் முழுவதையும், பம்புக்குள் இருக்கிற டயாப்ரம் என்ற ரப்பர்த் தகட்டையும் சேர்த்து மாற்றினீர்கள். என்னையும் சும்மா விடவில்லை. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைக் கையில் கொடுத்து "பாயின்ட் 15, டாப்பட் 10, சொல்லுங்க தங்கச்சி" என்று மனப்பாடம் பண்ண வைத்தீர்கள். தீப்பொறிக்கான பாயின்ட்டிலும், வால்வை இயக்கும் டாப்பட்டிலும் விடவேண்டிய இடைவெளி அது, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். பானெட்டை முன்பக்கமாக மடக்கித் திறந்தால் மட்கார்டும் சேர்ந்து மேலே போய்விடும் இந்த வண்டியில், முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டாப்பட் பார்க்கலாம். அந்த டயர் மேல் உட்கார்ந்துதான் நான் எல்லாம் கற்றேன்.

முன் சக்கரம் கழற்றிய நாளை மறக்க முடியாது. சக்கரத்தைத் தாங்கும் லிங்கின் அடியில் மரை இருக்கும், அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ட்ரனியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு 90 நம்பர் கியர் ஆயில் விடவேண்டும். எங்கள் வண்டியில் வருஷக்கணக்காக யாரோ கிரீஸ் அடித்திருக்கிறார்கள், கிரீஸ் அடி வரைக்கும் இறங்காமல் காய்ந்து, தண்ணீர் தேங்கி, மரை துருவாகியிருந்தது. பாய் இடது பக்கத்து லிங்கைத் துணியால் துடைத்துக் காட்டினார், நகத்தால் சுரண்டினாலே செதிலாக உதிர்ந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் ஒரு நாள் திருப்பத்தில் அது முறிந்து சக்கரம் மடிந்து உட்கார்ந்திருக்கும். ஹெரால்டு வைத்திருக்கிற வேறு யாராவது இதைப் படித்தால், தயவு செய்து இன்றைக்கே அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். கிரீஸ் வேண்டாம், ஆயில் விடுங்கள்.

புது லிங்கும் ட்ரனியனும் இங்கிலாந்திலிருந்து அக்கா மகன் கொண்டுவந்தான். தம்பி, கல்யாணத்துக்கு வருகிறவன் பெட்டியில் சட்டைக்குப் பதிலாக இரும்பை அடுக்கிக்கொண்டு வந்தாய், விமான நிலையத்தில் அதைப் பிரித்துக் காட்டிப் பதில் சொன்னாய். இடது பக்கத்துக்கு இடது மரை, வலதுக்கு வலது மரை என்று ரெண்டையும் வேறு வேறு நிறப் பையில் கட்டி எழுதியிருந்தாய் பார், அந்தக் கவனத்துக்குத்தான் நன்றி. பாய் அந்தப் பைகளை இன்னும் தூக்கிப் போடவில்லை.

டிங்கர் அண்ணன், நீங்கள் எங்கள் வீட்டுத் திண்ணையைப் பட்டறையாக்கி மூன்று மாதம் இருந்தீர்கள். இந்த வண்டிக்குச் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, உடம்பு முழுவதும் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு அதன் மேல் நிற்கிறது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனிக்கு முழு பாடியாகச் செய்து கொடுக்க ஆள் கிடைக்காததால் அப்படிப் பிரித்துப் பிரித்துச் செய்தார்களாம், தாம்பரம் ஐயா சொன்னது. அந்தக் கஷ்டம் நமக்கு வசதியாகப் போனது. துரு தின்ற பகுதியை மட்டும் கழற்றி, வெட்டி, புதுத் தகடு வைத்தீர்கள். பட்டி வைத்து மூடினால் ஒரே வாரத்தில் முடியும் என்று மற்றவர்கள் சொன்னபோது, "அடுத்த மழைக்கே காட்டிக் கொடுத்துடும்மா" என்று மறுத்தீர்கள். கதவின் அடியில் நீங்கள் தட்டிய தகட்டில் விரலை ஓட்டிப் பார்க்கிறேன், எங்கே பழசு முடிகிறது, எங்கே புதுசு ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

இனி அந்தப் பின் கதவு.

கதவு ரப்பருக்கு எங்கெங்கோ அலைந்தோம். சென்னையில் புதுப்பேட்டையில் ரெண்டு நாள், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு நாள். பழைய ரப்பர் ஒரு துண்டு கொடுத்தால் பார்க்கிறேன் என்று சொன்ன ஒரே ஆள் கரூரில் பஸ் பாடி கட்டுகிற அண்ணன். பஸ் கதவுக்கும் ஜன்னலுக்கும் போடுகிற பீடிங்கில் பதினாறு விதம் எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் எங்கள் துண்டோடு சேர்த்து நசுக்கிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஒரு பக்க உதட்டை மட்டும் பிளேடால் சீவினால் போதும் என்றீர்கள், அப்படியே பொருந்தியது. இருபது மீட்டர் பீடிங்குக்கு டீ குடிக்கிற காசுகூட வாங்கவில்லை. முன்பு பின் கதவை எவ்வளவு ஓங்கிச் சாத்தினாலும் எகிறித் திறக்கும். இப்போது உள்ளங்கையால் தள்ளினால் 'டப்' என்று ஒரே சத்தம்.

பின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி ரெண்டில் ஒன்று காணவில்லை. இந்தக் கைப்பிடியின் அடியில் ஒரு வட்டத் தட்டு இருக்கும், அதைக் கதவோடு அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன ஊசி தெரியும். ஆணி வைத்து அந்த ஊசியைத் தட்டினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். அப்படிக் கழற்றிய ஒற்றைக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு, அப்பா கடைக்கு நாற்பது வருஷம் குத்துவிளக்கு கொடுத்த நாச்சியார்கோவில் பட்டறைக்குப் போனேன். பெரியவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார், திருப்பினார், "அன்னம் ஊத்துற கை இதை ஊத்தாதா" என்றார், குத்துவிளக்கு உச்சியில் நிற்கிற அன்னப் பறவையைச் சொன்னார். காவேரி வண்டல் மண்ணைச் சலித்து, அச்சுப்பெட்டியில் இறுக்கி, பழைய கைப்பிடியைப் பதித்து எடுத்து, பித்தளை ஊற்றினார். பெட்டியைப் பிரித்தபோது மண்ணுக்குள் மஞ்சளாக அது கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு அப்பா கடையின் வாசனையே வந்துவிட்டது. உள்ளே சதுர ஓட்டை வேண்டும், அது லேத்தில் வராது, அதனால் லேத் அண்ணன் துளை மட்டும் போட்டுவிட்டு, அரத்தால் நாலு மூலையையும் கையாலேயே இழைத்தார். கொஞ்சம் இழைப்பதும், கதவில் மாட்டிப் பார்ப்பதுமாக ஒரு மத்தியானம் முழுவதும். குரோம் முலாம் போட்ட பிறகு எது பழைய கைப்பிடி, எது புதுசு என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை.

குஷன் கடை அக்கா, அம்மா சொன்ன அந்தப் பழைய சிவப்பு ரெக்சின் கிடைக்கும்வரை சளைக்காமல் தேடினீர்கள். டயர்க் கடைத் தம்பி, 13 அங்குல ரிம்முக்கு இன்றைய சின்னக் கார்களின் டயரே போதும் என்று சொல்லி என்னைப் பெரிய செலவிலிருந்து காப்பாற்றினாய். வக்கீல் தம்பி, 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த வி.ஏ. வரிசைப் பதிவை விளக்கி, அதில் போனால் அன்றாடம் ஓட்ட முடியாது, பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டியதால்தான் அப்பா காலத்து நம்பர் பிளேட்டோடு அம்மாவை எந்த நாளிலும் கூட்டிப் போக முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். முதல் கியருக்கு, ஓடும்போதே கியர் இழுக்க உதவும் சிங்க்ரோ கிடையாது, வண்டி முழுவதும் நின்ற பிறகுதான் விழும், அதை என் கை இன்னும் மறக்கவில்லை. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதனால் முன்னால் போகிறவருக்கு நல்ல இடம் விட்டே ஓட்டினேன். நாற்பதுக்கு மேல் போகவில்லை. நாச்சியார்கோவிலில் சன்னதித் தெரு முனையில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தேன், ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே வளைப்பில் திரும்பிவிட்டது. 25 அடிக்குள் திரும்பும் வண்டி என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அங்கே நின்ற ஆட்டோக்காரர் கை தட்டினார்.

பட்டறை வாசலில் நிறுத்தியதும் பெரியவர் வேறு எதையும் பார்க்கவில்லை. நேராகப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்து, தான் ஊற்றிய கைப்பிடியைப் பிடித்துக் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், "அப்பா இந்நேரம் ஹாரன் அடிச்சிருப்பார்." நான் அடித்தேன்.

இனி ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு வண்டி எங்கள் வாசலில் நிற்கும். ஒரு தடவைக்கு மூன்று பேர் வரலாம், அம்மாவுக்கு முன் சீட்டு. பாய், உங்களுக்காக வெள்ளிக்கிழமையும் எடுக்கிறேன். தாம்பரம் ஐயா, உங்களுக்கு மூட்டு வலி என்று தெரியும், நீங்கள் வரவேண்டாம், கும்பகோணத்திலிருந்து நாங்களே ஒரு நாள் வண்டியோடு உங்கள் வாசலுக்கு வருகிறோம். பின் கதவை நீங்கள் ஒரு தடவை சாத்திப் பாருங்கள்.