எங்கள் கிணற்றடியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

முதலில் மூலைக்கடைத் தம்பியிடம் ஒரு மன்னிப்பு. தேத்தண்ணி மை போலக் கறுத்ததும், பழைய தேயிலையைத் தந்துவிட்டீர்கள் என்று எங்கள் பெத்தா கடைவாசலில் வந்து ஏசினா அல்லவா? தேயிலையில் குற்றமில்லை. எங்கள் கிணற்றில்தான் இரும்பு ஏறியிருந்தது.

அள்ளும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் பழுப்பாகும். மேலே எண்ணெய் படர்ந்தது போல ஒரு படை. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் துருநிறம். பக்கத்து ஆலை, அவிக்கிற நெல்லை ஊறப்போட்ட தண்ணீரை மதிலுக்குப் பின்னால் வெறும் மணற்குழியில் விடுவது எங்களுக்குத் தெரியாது. நாற்றம் மட்டும் தெரியும்.

அதை வெளியே சொன்னவர் அந்த ஆலையிலேயே வேலை செய்பவர். பெயர் எழுத மாட்டேன், காரணம் ஊருக்கு விளங்கும். அண்ணன், முதல் நன்றி உங்களுக்குத்தான்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயா, ஒவ்வொரு வளவாக ஏறி இறங்கி மாதிரி எடுத்தீர்கள். ஊறல் தண்ணீர் அழுகும்போது நிலத்தடி நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும், மறுகா மண்ணிலிருக்கிற இரும்பு கரைந்து வரும் என்று பெத்தாவுக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னீர்கள். இறைத்தால் சரியாகும் என்று நாங்கள் நாள் முழுக்க மோட்டார் போட்டுக்கொண்டிருந்தோம். அதை நிறுத்தியதும் நீங்கள்தான். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எழுவான்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் மிதக்கிறதாம். கூட இறைத்தால் உப்பு மேலே வந்துவிடுமாம். இவ்வளவு காலம் இந்த மண்ணில் இருந்தும் இது எங்களுக்குத் தெரியவில்லை, வெட்கம்தான்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து இங்கே மணமுடித்து வந்த ஆசிரியைக்கும் நன்றி. அங்கே மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. "திகதி போட்டு எழுதி வையுங்கோ, வாயால சொன்னா ஆரும் கேக்க மாட்டினம்" என்று ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கித் தந்தது நீங்கள். எங்களுக்கு வழக்கு வரை போக வேண்டி வரவில்லை. சுற்றாடல் அதிகாரிகள் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆலையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைக் கேட்டார்கள். அடுத்த கிழமையே குழி மூடப்பட்டது. இப்போது சீமெந்துத் தொட்டி கட்டுகிறார்கள். பார்ப்போம்.

எங்களுக்குக் குடிதண்ணீர் பவுசர் ஓட்டிய தம்பிக்கும், வரிசையில் சண்டை வந்த நாளில் சிரித்துக்கொண்டே நின்ற அவருடைய பொறுமைக்கும் நன்றி.

போன மாதம் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. கிணறு இன்னும் குடிக்கிற பதத்துக்கு வரவில்லை. வாழைக்கு மட்டும் ஊற்றுகிறோம்.

காத்தான்குடி நானா, நீங்கள் காசு வாங்காமல் இறக்கிவிட்டுப் போன ஆயிரம் லீற்றர் தாங்கியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். லொறி இந்தப் பக்கம் வந்தால் ஏற்றிக்கொண்டு போங்கள். பெத்தா தேத்தண்ணி போட்டுத் தருவா, இப்போது நிறம் சரி.

இப்படிக்கு,
எங்கள் ஒழுங்கைக் குடும்பங்கள் சார்பில், பெத்தாவின் பேத்தி
மட்டக்களப்பு