கரடிக் கோட்டைக் கழற்று, மச்சான்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
19 ஜனவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் நவம்பர் கடைசி வாரத்தில் கைக்கு வந்தது. இரண்டு மாதம் ஆகப்போகிறது, இப்போதுதான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவாய், திட்டு. கடிதம் வந்த நாலாம் நாள் புயல். அப்புறம் உன் தங்கச்சிக்குக் கண்புரை ஆபரேஷன், பேத்திக்குக் காதுகுத்து, பொங்கல். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நெட்டை வீட்டு மாடியை எடுத்துக் கட்டிவிட்டான், நீ சொன்ன அதே பச்சை நிறம்தான் அடித்திருக்கிறான். கிளி மாஸ்டர் இன்னும் பொடியை விடவில்லை. உன்னைக் கேட்டார்.

தாமதத்துக்கு உண்மையான காரணம் இது எதுவுமில்லை. உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம்தான். படித்ததும் இழுப்பறையில் போட்டுவிட்டேன். வில்வேட்டைக்குப் போன இடத்தில் கை குளிரில் விறைத்துப் போயிருந்தது, நாண் சட்டைக் கையில் உரசிவிட்டது, அம்பு மானின் பின்னங்காலில் போய்த் தைத்தது என்று எழுதியிருந்தாய். அந்த மான் ராத்திரி முழுக்கக் காட்டில் எங்கேயோ கிடந்ததையும், மறுநாள் காலையில் மோப்ப நாய் வைத்திருப்பவர் வந்து தேடிக் கண்டுபிடித்ததையும், அன்றிலிருந்து உனக்குத் தூக்கம் சரியில்லை என்பதையும் எழுதியிருந்தாய். உன் வீட்டில் இருக்கிற என் தங்கச்சியிடம் சொல்லவில்லை என்று கடைசியில் ஒரு வரி. அவளிடம் சொல்லாததை எனக்கு எழுதியிருக்கிறாய் என்றால், சும்மா "வருத்தப்படாதே" என்று ஒரு வரி எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வேட்டை எனக்கு ஒப்பாது, அது உனக்குத் தெரியும். இங்கே 1972-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே கிடையாது, அது நல்லதுதான் என்று நினைக்கிறவன் நான். அங்கே பிரான்சில் 1995-லிருந்து வில்வேட்டைக்கு அனுமதி உண்டு, அதற்கென்று தனிப் பயிற்சி எடுத்தால்தான் வில்லைத் தூக்க முடியும், மான் பெருகினால் மரக்கன்று எதுவும் தலையெடுக்காது என்று நீ எபினாலில் வைத்து விளக்கினாய். சரி, உன் காடு, உன் ஊர்ச் சட்டம். ஆனால் அடிப்பது என்று முடிவெடுத்தவன் ஒரே அம்பில் முடிக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னதும் நீதான். ஊசுடு ஏரிக்கரையில் அடிபட்டுக் கிடந்த நாரையை நினைத்துக்கொள். அன்றைக்கும் நான் ஓடிவிட்டேன், நீதான் உட்கார்ந்து அழுதாய். அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாக இருக்கப்போகிறது.

நீ எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். பேரன் வில்வேட்டைக்காரர்கள் போடும் வீடியோக்களை ராத்திரி ராத்திரி எனக்குப் போட்டுக் காட்டினான். எனக்குத் தெரிந்த துணிச் சங்கதியோடு அதையெல்லாம் வைத்துப் பார்த்தேன். மச்சான், தப்பு உன் வில்லில் இல்லை, உன் குறியிலும் இல்லை. உன் உடுப்பில் இருக்கிறது.

அன்றைக்கு நீ என்னென்ன போட்டிருந்தாய்? பருத்தி பனியன், பருத்தி முழுக்கைச் சட்டை, இரண்டு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கரடிக் கோட்டு. 2018 டிசம்பரில் பஸ் நிறுத்தத்தில் எனக்கு மாட்டிவிட்டாயே, அதே கோட்டுதான். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸை நிறுத்தக் கையைத் தூக்க முடியாமல் நான் நின்றபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதே கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் மேடேறி நடந்திருக்கிறாய். மரத்தில் கட்டிய பரணில் ஏறும்போதே உள்ளே தொப்பல். அப்புறம் மூன்று மணி நேரம் பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாய். கை விறைக்காமல் என்ன செய்யும்?

ரோடியர் மில் டெஸ்டிங் ரூமில் இருபத்தாறு வருஷம் இருந்தவன் சொல்கிறேன், கேள். அந்த அறையை எப்போதும் 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருப்போம். நூலை அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து எடை போடுவோம். அதையே திரும்ப அந்த அறையில் தொங்கவிட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே எடை கூடும். காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கிறது. காய்ந்த பருத்தி 100 கிராம் எட்டரை கிராம் குடிக்கும். பாலியஸ்டர் 0.4 கிராம்தான். கம்பளி 16 கிராம் வரை குடிக்கும். நீ உடனே கேட்பாய், கம்பளிதானே அதிகம் குடிக்கிறது, அப்புறம் அது எப்படி நல்லது என்று. புதிதாக டெஸ்டிங்குக்கு வருகிற பையன்கள் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். கம்பளி இழை ஈரத்தைத் தன் உள்ளுக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை குடித்தாலும் தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது. இழை சுருள் சுருளாக இருப்பதால் நசுங்கிப் படியாது, நடுவில் காற்று நிற்கும். பருத்தி அப்படியில்லை. வியர்வையில் ஊறியதும் தளர்ந்து, தோலோடு அப்பிக்கொள்ளும். காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும். உன்னைச் சூடாக வைத்திருப்பது துணியின் கனம் இல்லை மச்சான், துணிக்குள் நிற்கிற காய்ந்த காற்று.

புயல் ராத்திரி இதை என் உடம்பிலேயே பார்த்தேன். நவம்பர் 30, ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை. ரெயின்போ நகரில் மைத்துனன் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், மாமியாரைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மணி நேரம் நனைந்த கதர்ச் சட்டையோடு நின்றேன். நம் ஊர்க் குளிர்தானே, 23, 24 டிகிரிக்குக் கீழே போயிருக்காது. எனக்குப் பல் அடித்துக்கொண்டது. மெழுகுவத்தியைப் பிடித்தால் விரல் மடங்கவில்லை, இரண்டு முறை கீழே போட்டேன். உன் தங்கச்சி சட்டையைக் கழற்றச் சொல்லி, துடைத்து, வெறும் உடம்பில் பழைய கம்பளியைச் சுற்றிவிட்டாள். பத்து நிமிடத்தில் நடுக்கம் நின்றது. விரல் மடங்காமல் நான் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. 24 டிகிரியில் எனக்கு இந்த கதி என்றால், அங்கே பரணில் உட்கார்ந்து நீ நாணை இழுத்திருக்கிறாய்.

அதனால் முதல் வேலை, பருத்தியை அந்தக் காட்டுக்குக் கொண்டுபோகாதே. ஆயுசு முழுக்கப் பருத்தி நூலோடு வாழ்ந்தவன் இதைச் சொல்கிறேன். தோலோடு ஒட்டி, மெரினோ என்கிற செம்மறியாட்டுக் கம்பளியில் பின்னிய மெல்லிய உள்சட்டை போடு. மேலே ஒரே ஒரு ஸ்வெட்டர், கைப்பகுதி ஒட்டினாற்போல. அதன் மேல் வாத்து இறகு அடைத்த கையில்லாத சட்டை. கையில்லாதது என்பதுதான் முக்கியம். வயிறும் நெஞ்சும் குளிர்ந்தால் உடம்பு முதலில் கைக்கும் காலுக்கும் போகிற ரத்தத்தைத்தான் குறைக்கும். நடு உடம்பு சூடாக இருந்தால் விரலுக்குச் சூடு தானாக வரும், கையில் கனமான துணி எதுவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுத் தடுக்கிற ஒரு மேல்சட்டை. அது நைலானாக இருக்க வேண்டாம். நீ சொல்கிற இருபது மீட்டரில் நைலான் சரசரத்தால் மான் காதைத் திருப்பிவிடும். நெருக்கமாக நெய்து மேல்பக்க இழையைப் பஞ்சுபோல எழுப்பிய கம்பளித் துணி சத்தமே போடாது.

இதையெல்லாம் போட்டுக்கொண்டு நடக்காதே. உள்சட்டையும் ஸ்வெட்டரும் மட்டும் போட்டு, கொஞ்சம் குளிர்கிறது என்கிற நிலையிலேயே புறப்படு. மற்றது முதுகுப் பையில். அவசரப்படாமல் நட, உன் நடை எனக்குத் தெரியும். பரணுக்குப் பக்கத்தில் போனதும் ஐந்து நிமிடம் நில். உள்சட்டை ஈரமாகத் தெரிந்தால் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். ஒரு நிமிடம் வெற்றுடம்பு குளிரும், பரவாயில்லை. அப்புறம் மற்றதைப் போட்டுக்கொள்.

இப்போது இடது கை. வில்லைப் பிடிக்கிற கையின் முன்கைதான் உன்னை ஏமாற்றியது. கரடிக் கோட்டின் கை அங்கே மடிந்து தொங்கியிருக்கும். நாண் பாய்கிற வழியில் விரல்கடை அளவு துணி நின்றால் போதும், அம்பு திசை மாறும். மைத்துனன் தையல் கடையில் ஜிப்பா வெட்டும்போது கவனித்திருக்கிறேன், அக்குளில் ஒரு சதுரத்துண்டு வைத்துத் தைத்தால் கை ஒட்டினாற்போல இருந்தாலும் தூக்க லேசாக இருக்கும். உன் மேல்சட்டைக்கும் அப்படி ஒன்று வைக்கலாம். முன்கைக்கு மேல், இழுத்தால் நீளுகிற துணியில் ஓர் உறை. நெஞ்சுப் பக்கமும் அதே கதைதான், மேல்சட்டை உப்பி நின்றால் நாண் அங்கேயும் தட்டும், குறுக்கே ஒரு வார் போட்டு அமுக்கிவை. மப்ளரைச் சுற்றாதே. நாணை இழுத்துத் தாடையோரம் எந்த இடத்தில் நிறுத்துகிறாயோ, அந்த இடம் அரை இஞ்ச் மாறினால் குறி மாறும். கழுத்துக்கு மெல்லிய கம்பளிக் குழாய் ஒன்று போதும். அம்பை விடுவிக்க மணிக்கட்டில் கட்டுகிறாயே ஒரு கொக்கி, அதை எப்போதும் ஒரே துணியின் மேல் கட்டு. ஒரு நாள் கோட்டுக்கு மேல், ஒரு நாள் தோலின் மேல் என்று கட்டினால் இழுவை நீளம் மாறிவிடும்.

விரலுக்குத் தடித்த கையுறை வேண்டாம். இடுப்பில் கட்டுகிற ஒரு பை, இரண்டு பக்கமும் கை விடுகிற மாதிரி. உள்ளே இரும்புத்தூள் சூட்டுப் பொட்டலம் இரண்டு. காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கிற சூடுதான் அது, மணிக்கணக்கில் நிற்கும். காலுக்கு ஒரே ஜோடி கம்பளி சாக்ஸ். இரண்டு மூன்று ஜோடி திணித்தால் ரத்தம் ஓடாது. உட்காரவும் கால் வைக்கவும் ஒரு ஃபோம் துண்டு.

குளிரில் தசை இறுகிவிடும், இலையுதிர் காலத்தில் இழுத்த வில்லை ஜனவரியில் இழுக்க முடியாது. வில்லின் இழுவிசையில் நாலைந்து பவுண்டு குறைத்துக்கொள். குறைத்தால் வில்லில் குறிபார்க்கிற முள்ளைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும், மறந்துவிடாதே. முழு உடுப்போடு வீட்டுத் தோட்டத்தில், விடியற்காலைக் குளிரில், அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து பத்து அம்பு விட்டுப் பார். பத்தும் ஒரு இடத்தில் போகாத வரைக்கும் காட்டுப் பக்கம் போகாதே.

இன்னும் ஒன்று. பரணில் கட்டிக்கொள்கிற பெல்ட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கட்டுகிறாயா இல்லையா? கோட்டுக்கு மேல் வார் ஏறவில்லை என்று விட்டிருந்தால் இப்போதே சொல். விறைத்த கையோடு மரத்திலிருந்து இறங்குகிறவனை நினைத்தால் எனக்கும் தூக்கம் போகிறது. உடுப்பு முழுக்கப் போட்டபிறகு வாரின் அளவைச் சரிசெய். கூட்டு வேட்டைக்குத்தான் ஆரஞ்சுச் சட்டை கட்டாயம் என்றாய். தனியாகப் போனாலும் நடந்து போகும்போதும் திரும்பும்போதும் அதைப் போட்டுக்கொள், மற்றவர்கள் துப்பாக்கியோடு இருக்கிற காடு. என் தங்கச்சியிடமும் சொல்லிவிடு. எந்தப் பரண், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அவளுக்குத் தெரியாமல் நீ அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கோழிக்காலின் மகள் பிப்ரவரி முதல் வாரம் பாரீஸ் வருகிறாள். இடுப்புப் பையை உன் தங்கச்சி தைத்துவிட்டாள், புயலன்று எனக்குச் சுற்றிய அதே பழைய கம்பளியில், உள்ளே இரண்டு மடிப்பு. முன்கை உறைக்கு அளவு வேண்டும். உள்சட்டையும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு எடு. மணிக்கட்டுக்கு மேல் நான்கு விரல் தள்ளி ஒரு சுற்று, முழங்கைக்குக் கீழே ஒரு சுற்று, இரண்டுக்கும் நடுவில் நீளம். கடிதத்துக்குக் காத்திருக்காதே, வாட்ஸாப்பில் அனுப்பு. பிப்ரவரியோடு உன் பருவம் முடிகிறது, இன்னும் ஐந்தாறு வாரம்தான். அளவு வந்த அன்றைக்கே வெட்டிவிடுவேன்.

அன்புடன்,
உன் மச்சான்