பட்டையில் படர்வதெல்லாம் பாசி அல்ல

ஆசிரியருக்கு,

கொடைக்கானல் போய்வரும் வடசென்னைத் தாவரவியல் மாணவர்கள் 'பாசி' என்று எடுத்துவருவதில், மரப்பட்டையோடு ஒட்டிச் செம்பழுப்பாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் ஃப்ருல்லானியா என்ற லிவர்வொர்ட்; அதாவது, பாசிக்கு (மாஸ்) உறவான, பூக்காத சிறு தாவரம். பாடநூலில் வரும் லிவர்வொர்ட்டான மார்கான்ஷியா தட்டையாக இருப்பதால், இலையுள்ள இதையும் லிவர்வொர்ட் என்று யாரும் நினைப்பதில்லை.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அடிப்புறத்தைத் திருப்பி நுண்ணோக்கியில் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு வரிசை இலை; நடுநரம்பு கிடையாது; தண்டின் அடியில் மூன்றாவதாகச் சிற்றிலை வரிசை. பக்க இலையின் கீழ்மடல் குல்லாய் போலக் குழிந்து நீரைப் பிடித்துவைக்கும். மண்ணில்லாத பட்டையில் காய்ந்தும் நனைந்தும் பிழைக்க அது பெரிய துணை.

பாலித்தீன் பையில் ஈரத்தோடு அடைத்தால் நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். காகித உறையே சரி. நக அளவு போதும். தயவுசெய்து பட்டையை உரிக்காதீர்கள்.

தாவரவியல் ஆசிரியர்கள்,
வியாசர்பாடி