திருப்பித் தந்த முப்பதாயிரத்துக்கும், திரும்பி வந்த பதினான்கு பேருக்கும்

கொருக்குப்பேட்டை,
பிப்ரவரி 2024

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இது போன வருஷமே எழுதியிருக்க வேண்டிய மடல். அப்போது எழுத உட்கார்ந்தால் பேனாவில் கணக்குதான் வந்தது, நன்றி வரவில்லை. போன வாரம் உத்தராகண்ட் மலையில் இருக்கும் அவுலியில் பனியில் கால் வைத்துவிட்டு ஊர் திரும்பினோம். இனியும் தள்ளிப்போட்டால் நன்றாயிருக்காது.

நானும் என் வீட்டுக்காரரும் டூர் ஏற்பாடு செய்கிறவர்கள். வேளாங்கண்ணியில் ஆரம்பித்து, காசி போய், அப்புறம் பத்ரிநாத் வரை வந்தோம். ஆபீஸ் எல்லாம் கிடையாது, வீட்டு முன்னறையும் ஒரு ரசீது புத்தகமும்தான். பத்ரி போகிற வழியில் ஜோஷிமட்டில் ஒரு ராத்திரி தங்குவோம். நம் ஆட்களுக்கு அது திருப்பிரிதி, திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். அங்கே நரசிம்மர் கோயிலுக்குக் கொஞ்சம் கீழே, தன் வீட்டிலேயே ஆறு அறைகளை வாடகைக்கு விடும் ஒருவர் எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். அவர் என்னைத் தீதி (அக்கா) என்பார், நான் அவரைப் பையா (அண்ணா) என்பேன். என் இந்தி அந்த இரண்டு சொல்லோடு முடிந்தது, அவருக்குத் தமிழே வராது.

2022 ஆடி மாதம் பெரம்பூர் டீச்சரம்மாதான் ஆசையைக் கிளப்பிவிட்டார். "கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மேலே அவுலி, அவுலி என்கிறார்களே, ஒருதரம் பனிக்காலத்தில் போய்ப் பார்க்கலாமே" என்றார். திருமங்கையாழ்வார் ஆலிநாட்டுக்காரர், அவர் பாடிய ஊருக்கு மேலே அவுலி, ஆலி என்றால் தமிழில் ஆலங்கட்டி என்று ஒரு பாடமே எடுத்தார். 23 பேர் சேர்ந்தார்கள். அதில் எட்டுப் பேர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்காரர்கள். தினமும் ஐஸ் உடைத்துப் பெட்டியில் போடுகிறவர்கள் காசு கொடுத்து ஐஸ் பார்க்கப் போகிறார்களே என்று தெருவே சிரித்தது. 2023 குடியரசு தினத்தை ஒட்டி, தலைக்கு 5,000 ரூபாய் அட்வான்ஸ்.

ஜனவரி முதல் வாரம் டிவியில் ஜோஷிமட் வந்தது. வீடுகளில் விரிசல், நள்ளிரவில் தரையைப் பிளந்துகொண்டு வந்த சேற்றுத் தண்ணீர், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சாய்ந்து நின்ற இரண்டு ஹோட்டல்கள். ஊர் முழுக்க 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்குப் போகும் ரோப் காரை நிறுத்திவிட்டார்கள். நாலு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், எங்கள் டூர் நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததே அதைத்தான். பொங்கலுக்கு முன்னால் இஸ்ரோவின் செயற்கைக்கோள் கணக்கு வெளியானது. 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் மண் இறங்கியிருக்கிறது என்றார்கள். அந்த 5.4 என்ற எண் வந்த அன்று என் போன் ராத்திரி பதினொன்றரை வரை அடித்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது நான் குழுவில் போட்ட மெசேஜ்: "பிரச்சனை கீழே டவுனில்தான், அவுலிக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம்." அது பொய்யில்லை. அவுலி மேலே தனியாக இருக்கிறது. அங்கே ஹோட்டல் வைத்திருந்தவர்களும் அதையே சொல்லிக் கதறினார்கள். ஆனால் அவுலிக்குப் போகும் ரோடும் ஜோஷிமட்டிலிருந்துதான் ஏறுகிறது, ரோப் காரும் அங்கிருந்துதான். பனிச்சறுக்கு சொல்லித் தரும் பையன்களும், ஜாக்கெட்டும் பூட்ஸும் வாடகைக்குத் தருகிறவர்களும், மேலே மேகி விற்கிறவர்களும் பெரும்பாலும் கீழே குடியிருப்பவர்கள். வாசல்படி இடிந்த வீட்டில் மாடி நன்றாயிருக்கிறது என்று விருந்தாளியைக் கூப்பிட்ட மாதிரிதான் நான் செய்தது. கையில் காசில்லாத பயம் அப்படிப் பேச வைக்கும்.

பையாவுக்கே போன் போட்டு அறை கிடைக்குமா என்று கேட்டேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. சௌகார்பேட்டை பாத்திரக்கடை சேட்டு மகன்தான் கேட்டுச் சொன்னான்: "அறை இருக்கிறது தீதி. சுவர் இருக்குமா என்று சொல்ல முடியவில்லை." சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். வீட்டு வாசலில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். குடியிருக்க லாயக்கில்லை என்று அர்த்தம். குடும்பம் ஒரு பள்ளிக்கூட அறைக்கு மாறியிருக்கிறது. மெசேஜ் முடிந்ததும் அந்தப் பையன் போனை என்னிடம் தராமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். தம்பி, அன்று மட்டுமில்லை, இந்த ஒரு வருஷமாக ஒரு பைசா வாங்காமல் எங்கள் இருவருக்கும் நாக்காக இருந்தவன் நீ. முதல் நன்றி உனக்கு.

இனி பையாவுக்கு. இதைச் சேட்டு மகன் அவருக்கு இந்தியில் வாசித்துக் காட்டப்போகிறான். நாங்கள் கொடுத்த அட்வான்ஸ் 30,000. திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே ஜனவரி 20ஆம் தேதி 20,000 வந்தது, மார்ச்சில் மீதி 10,000. அந்த நேரத்தில் அரசாங்கம் இடைக்கால உதவியாகக் குடும்பத்துக்கு ஒன்றரை லட்சம் அறிவித்திருந்தது. அதிலிருந்துதான் எங்களுக்கு அனுப்பினீர்களா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. போன வாரம் நேரில் பார்த்தபோது கேட்கலாம் என்று வாயெடுத்தேன், நீங்கள் தேநீர் எடுத்துவரப் போய்விட்டீர்கள்.

ஏன் அந்த ஊருக்கு இப்படி ஆனது என்று ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். ஊரே பழைய நிலச்சரிவு கொண்டுவந்து கொட்டிய மண்ணிலும் கல்லிலும்தான் உட்கார்ந்திருக்கிறது. 1976இலேயே அரசு அமைத்த மிஸ்ரா கமிட்டி, பெரிய கட்டடம் வேண்டாம், வெடி வைக்க வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அடுக்குமாடி ஹோட்டல்கள் வந்தன. கழிவுநீர் போக ஒழுங்கான வடிகால் இல்லாமல் எல்லாம் மண்ணுக்குள்ளேயே இறங்கியது. பக்கத்தில் நீர்மின் திட்டத்துக்குத் தோண்டிய சுரங்கம்தான் காரணம் என்கிறார்கள் ஊர்க்காரர்கள், திட்டத்தார் அதை மறுக்கிறார்கள். அடுக்குமாடி ஹோட்டல்களில் தங்கியவர்களில் நாங்களும் உண்டு. வெந்நீர் வரவில்லை என்று சண்டை போட்டவர்களும் நாங்கள்தான்.

அடுத்து, பணம் கட்டிய 23 பேருக்கு. உங்கள் காசு மொத்தம் 1,15,000. ஸ்லீப்பர் டிக்கெட்டைக் கேன்சல் செய்ததில் ஆளுக்கு ஒரு பயணத்துக்கு 120 ரூபாய் பிடித்தம், 46 டிக்கெட்டுக்கு 5,520. வேன்காரர் 15,000 அட்வான்ஸைத் தரவில்லை, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார் (கழித்தும் கொண்டார், வாழ்க). மீதியில் ஒரு பகுதி என் மகள் காலேஜ் பீஸுக்குப் போயிருந்தது. அது தப்புதான், உங்கள் காசில் கை வைத்திருக்கக் கூடாது. இரண்டு வளையல் அடகுக்குப் போனது. 13 பேர் தவணை தவணையாக வாங்கிக்கொண்டீர்கள், ஒருவர்கூட வாசலில் வந்து சத்தம் போடவில்லை. ஒன்பது பேர் "எங்கள் பணம் அங்கேயே இருக்கட்டும், எப்போது போகிறோமோ அப்போது பார்த்துக்கலாம்" என்றீர்கள்.

அந்த ஒன்பது பேரில் முதலில் அப்படிச் சொன்னவர் காசிமேட்டு ஐஸ் கம்பெனி அண்ணன். அவருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்ரி கோயில் நவம்பரில் நடை சாத்தினால் ஏப்ரல் கடைசி, மே என்றுதான் திறக்கும், நடுவில் அந்த ஊருக்குச் சோறு போடுவது இந்தப் பனிதான் என்று சொல்ல ஆரம்பித்தேன். "நம்ம தடைக்காலம் மாதிரின்னு சொல்லு" என்று முடித்துவிட்டார். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாளில் கையில் எதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர். "நமக்காவது எந்தத் தேதியில் முடியும்னு தெரியும். அவங்களுக்கு அதுவும் தெரியாதே" என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. அடுத்த குளிரிலும் ரோப் கார் ஓடவில்லை. இங்கே எங்களுக்கு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கொருக்குப்பேட்டையில் முன்னறையில் இடுப்பளவு தண்ணீர், நாலு நாள் கரண்ட் இல்லை. எர்ணாவூரில் எங்கள் பயணி ஒருவர் வீட்டுச் சுவரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கறுப்புக் கோடு போட்டிருந்தது. போனுக்குச் சார்ஜ் ஏற்றி ஆன் செய்ததும் பையாவிடமிருந்து ஏழு மிஸ்டு கால். சேட்டு மகன் இல்லாமலே எனக்குப் புரிந்த மெசேஜ் அது ஒன்றுதான். தீதி, கர் டீக் ஹை? வீடு நன்றாயிருக்கிறதா என்று கேட்கிற தகுதி அவரைவிட யாருக்கு இருக்கிறது.

ஜனவரியில் வேறொரு கவலை. மலையில் பனியே விழவில்லை. காஷ்மீர் குல்மார்க்கிலேயே சரிவுகள் மொட்டையாகக் கிடந்ததை டிவியில் காட்டினார்கள். இந்தத் தடவையும் போச்சு என்று இருந்தேன். ஜனவரி கடைசியில், பிப்ரவரி ஆரம்பத்தில் கொட்டித் தீர்த்தது. டீச்சரம்மா "கிளம்பு" என்றார். பழைய ஒன்பது பேர், புதிதாக ஐந்து பேர், 14 பேராகக் கிளம்பினோம்.

ரோப் காருக்குப் பதில் ஜீப். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி, பதினைந்து கிலோமீட்டர் போல வளைந்து வளைந்து ஏறினோம். கம்பியில் கேபின் இல்லாத தூண்களைப் பார்த்துக்கொண்டே போனது ஒரு மாதிரி இருந்தது. மேலே நந்தாதேவி, 7,816 மீட்டர், மேகமில்லாமல் நின்றது. ஐஸ் கம்பெனி அண்ணன் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "இது ஐஸே இல்லை, உப்பு. மீன் போட்டா அரை நாள் தாங்காது" என்று தீர்ப்புச் சொன்னார். டீச்சரம்மா 66 வயதில் சறுக்குப் பலகை மாட்டி நாலு முறை விழுந்தார், ஐந்தாவது முறை விழவில்லை.

அவருக்குக் கற்றுக்கொடுத்த பையன் போன குளிரில் டேராடூனில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினானாம். அவன் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்: "முதல் வருஷம் நீங்கள் வராததில் எங்களுக்கு வருத்தமில்லை. வந்திருந்தால் படுக்க இடமிருந்திருக்காது, இருந்த அறைகளில் எங்கள் ஆட்களே இருந்தார்கள். அடுத்த வருஷமும் போன் அடிக்கவில்லை பாருங்கள், அப்போதுதான் பயந்தோம்." இதைக் கேட்டபின் அந்த 14 பேருக்கும் நான் தனித்தனியாக நன்றி சொன்னேன். அப்போது குளிரில் பாதிப் பேருக்குக் காது கேட்கவில்லை, அதனால் இங்கே மறுபடியும் சொல்கிறேன்.

வாடகை வாங்காமல் ஸ்வெட்டர் கொடுத்த எம்.சி. ரோட்டுக் கடைக்காரருக்கும், இரண்டு நாள் கெடாத புளிசோறு கட்டித் தந்த ராயபுரம் அக்காவுக்கும், வட்டியில் ஒரு மாதம் தள்ளுபடி செய்த அடகுக்கடைக்காரருக்கும் நன்றி. வளையல் வந்துவிட்டது.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. 23 பேரில் பணம் வாங்காத ஒருவர் இருக்கிறார். ரசீது எண் 17, ரொக்கம் 5,000. அன்று வீட்டில் இருந்தது என் மகள். நீலக் குடை வைத்திருந்த பெரியவர், திருவொற்றியூர் சன்னதித் தெரு என்று சொன்னது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. கொடுத்த போன் நம்பரில் வேறு யாரோ எடுக்கிறார்கள். நேரில் தேடிப் போகலாம் என்று நாளைக் கடத்தியது என் தப்பு. மிக்ஜாம் தண்ணீரில் ரசீது புத்தகம் ஊறி, பெயர் இருந்த இடத்தில் மை மட்டும் படர்ந்திருக்கிறது. ஐயா, உங்கள் கையில் இருக்கும் ரசீதின் பாதி நனையாமல் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். நனைந்திருந்தாலும் வாருங்கள், குடையைப் பார்த்து மகள் அடையாளம் சொல்லிவிடுவாள்.