எங்கள் கல்வீட்டுக்குப் பொய் வளைவு வேண்டாம்

யாழ்ப்பாணத்தின் பழைய வீடுகளைத் திருத்த அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய எங்கள் நாற்சார் வீட்டோடு ஒரு புதிய பகுதி சேர்க்க அனுமதி கேட்ட கோப்பு மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது. வீட்டின் வரலாற்றை மறுபடி எழுதப் போவதில்லை. இரண்டு தடவை எழுதியது உங்களிடமே இருக்கிறது. இம்முறை நீங்கள் சொன்ன காரணம், புதிய பகுதியும் பழைய வீட்டின் தோற்றத்தில் அமைய வேண்டுமாம். கூடவே, கல்சுவர்களுக்குச் சீமெந்து பூசும்படி ஒரு குறிப்பு.

எங்கள் மலசலகூடம் கிணற்றடிக்கு அப்பால் இருக்கிறது. அம்மாவுக்கு 81 வயது. இந்தக் கார்த்திகை மழையில், இரவு இரண்டு மணிக்கு, ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் என் தோளுமாக நடக்கிறார். நான் ஒரு கையால் அவரை அணைத்து, மறு கையால் குடை பிடித்து, டோர்ச்சை வாயில் கவ்விக்கொள்கிறேன். போன கிழமை பாசிப் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை; அதனால் கோப்பில் இணைக்க மருத்துவச் சான்றிதழ் எதுவும் கிடைக்கவில்லை.

நாங்கள் கேட்பது ஒரு படுக்கையறையும் குளியலறையும். இரும்புச் சட்டம், கண்ணாடி, தாழ்ந்த கூரை. பழைய சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல் ஒரு முழம் தள்ளி நிற்கும். வேண்டாமென்றால் நாளைக்கே கழற்றலாம். பழைய கட்டடங்களைப் பேணும் நெறிகளைச் சொல்லும் சர்வதேச ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தவிர்க்க முடியாத புதிய வேலை பழையதிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும், தன் காலத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. நீங்கள் கேட்பதோ கொங்கிறீற்றில் வார்த்த பொய் வளைவுகள்.

சீமெந்துக்கு வருகிறேன். சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிலத்து ஈரத்தை இழுத்து வெளியே விடுபவை. சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். முன் விறாந்தையில் அப்பா 1978இல் பூசிய சீமெந்தைத் தட்டினால் வெறும் பானை போல் ஒலிக்கிறது. ஓரிடத்தில் பெயர்த்தோம், உப்புப் பூத்த கல் மாவாகக் கொட்டியது.

இதே ஒழுங்கையில் இன்னொரு நாற்சார் வீட்டை ஒரு பெக்கோ இயந்திரம் ஒரே காலையில் தரைமட்டமாக்கியது. அதற்கு எவரும் கோப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது அங்கே மூன்று மாடி மண்டபம். வாசலில் மட்டும் அழகுக்கு ஓர் ஓட்டுத் தாழ்வாரம். பழைய தோற்றம் என்றால் அதுதான் போலும். இடிப்பவருக்கு இல்லாத நிபந்தனை காப்பாற்றுகிறவருக்கு ஏன்?

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். புதிய பகுதி புதியதாகவே இருக்க அனுமதி தாருங்கள். பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்பே பூச விடுங்கள். இந்த மாரி போகட்டும். அடுத்த மாரிக்கு முன்னாவது எழுத்தில் பதில் தாருங்கள். அதற்குள் ஒருவர் நேரில் வந்து பார்க்க முடிந்தால் நல்லது. வருபவர் இரவில் வந்தால் இன்னும் நல்லது.

பணிவுடன்,
அந்த வீட்டின் மகள்